நைந்த சேலையும் 160 கண்ணிகளும்

கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள் 2025 கோடையில் என்ன செய்தாள் என்று கோயிலிலும் கடையிலும் பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். "பின்னினாள், தைத்தாள்" என்று சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "ஏன், இன்டர்ன்ஷிப் எதுவும் கிடைக்கலையா?" கலிபோர்னியாவின் பே ஏரியாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு வந்தவள், வாரத்தில் சில நாள் பக்கத்துப் பொது நூலகத்தில் வேலை பார்த்தாள். மிச்ச நேரம் முழுக்க ஊசி, நூல், பழைய சேலை. அவள் கற்றுக்கொண்டதையும் அவளைப் பார்த்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே விரிவாக எழுதி வைக்க ஆசை.

எங்கள் குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரசவம். அக்கா மகளுக்கு டெக்சாஸில், ஃப்ரிஸ்கோவில், செப்டம்பரில். தம்பி மனைவிக்கு நியூ ஜெர்சியில், எடிசனில், நவம்பரில். இரண்டு பேரும் பேபி ஷவர் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். கார் சீட், ஸ்ட்ரோலர், டயப்பர் என்று எங்கள் பங்குக்கு உரியதை ஒரே மாலையில் ஆர்டர் செய்து முடித்தோம். "இதை யார் வாங்கினாலும் ஒண்ணுதானேம்மா. நான் ஏதாவது செஞ்சு கொடுக்கணும்" என்றாள் மகள்.

செய்வது என்று முடிவானதும் அவள் முதலில் பார்த்தது நூலையோ நிறத்தையோ அல்ல, ஊரையும் மாதத்தையும். ஃப்ரிஸ்கோவில் செப்டம்பரிலும் வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். அங்கே கம்பளிச் சட்டை அனுப்பினால் பெட்டியோடு அலமாரிக்குப் போய்விடும். எடிசனில் நவம்பரில் பிறக்கும் குழந்தைக்கோ பிறந்த கையோடு பனிக்காலம். ஆகவே டெக்சாஸுக்குப் பருத்தியில் ஒரு சின்ன கில்ட் (துணிகளை அடுக்கித் தைக்கும் விரிப்பு), நியூ ஜெர்சிக்குக் கம்பளி நூலில் ஒரு மேல்சட்டை என்று தீர்மானித்தாள்.

கைவேலைப் பரிசு என்றால் நம்மில் பலர் அதைப் பத்திரப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வைத்து, வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டி, மறுபடி மடித்து வைத்துவிடுகிறோம். பிள்ளைக்குக் கொடுக்கும் துணி அதற்கானதில்லை. பால் கக்க வேண்டும், ஈரமாக வேண்டும், துவைத்துக் காய வேண்டும், கடைசியில் நைந்து போக வேண்டும். அப்படிப் புழங்கித் தீரும் பொருளாகச் செய்வதுதான் கடினம். அந்தக் கடினத்தைத்தான் மகள் அந்தக் கோடையில் எடுத்துக்கொண்டாள்.

முதலில் கடை. 2025 வரை அமெரிக்காவில் தையல், பின்னல் என்று யார் ஆரம்பித்தாலும் பெரும்பாலும் ஜோ-ஆன் கடைக்குத்தான் போவார்கள். 1943-ல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் தொடங்கிய கடை, நாடு முழுக்க சுமார் 800 கிளைகளாக வளர்ந்திருந்தது. திவாலாகி, 2025 மே மாத இறுதியோடு எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டார்கள். வசந்த விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது கடையைக் காலி செய்யும் விற்பனை நடந்துகொண்டிருந்தது. பாதி காலியான அலமாரிகளுக்கு நடுவே வயதான பெண்கள் துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதை இணையக் கடையின் திரையில் செய்ய முடியாது. துணியின் கனமும் நூலின் வழுவழுப்பும் விரலுக்குத்தான் தெரியும். அதன்பிறகு நாங்கள் பக்கத்து ஊர்களில் இருக்கும் சின்ன நூல்கடைகளுக்கும், சான் பிரான்சிஸ்கோவில் 1976 முதல் நடக்கும் ஸ்கிராப் என்ற இடத்துக்கும் போனோம். வீடுகளிலும் நிறுவனங்களிலும் மிஞ்சிய துணி, நூல், பொத்தான் எல்லாம் அங்கே நன்கொடையாக வந்து மலிவு விலைக்குப் போகின்றன. சட்டைக்கான மரப் பொத்தான்கள் அங்கேதான் கிடைத்தன.

சட்டைக்கு அவள் எடுத்துக்கொண்டது எலிசபெத் ஸிம்மர்மன் 1968-ல் வடிவமைத்த 'பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட்'. ஸிம்மர்மன் இங்கிலாந்தில் 1910-ல் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து, விஸ்கான்சினில் வாழ்ந்தவர். கணக்குப் புரிந்தால் யாரும் யாருடைய வரைபடத்தையும் அப்படியே பார்த்துச் செய்ய வேண்டியதில்லை என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். இந்தச் சட்டையை ஊசியில் 160 கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டுத் தொடங்க வேண்டும். வரிக்கு வரி ஒரே பின்னல்தான். இரண்டு இடத்தில் அடையாள வளையம் மாட்டிக்கொண்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் மூன்று கண்ணியை ஒன்றாக்க வேண்டும். ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு நான்கு கண்ணி குறையும். பிறகு அதே இடங்களில் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். துண்டு துண்டாகச் செய்து இணைப்பது கிடையாது. எல்லாம் ஒரே துணி.

பாதி வழியில் பார்த்தால் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. மதுரையில் இருக்கும் என் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "இதுல எது கை, எது கழுத்து தாயி?" என்று கேட்டார். "முடியட்டும் அம்மாச்சி, காட்டுறேன்" என்றாள் இவள். முடித்த அன்று அந்தக் கோணல்மாணலான துணியைத் தரையில் விரித்து, இரண்டு மூலையை உள்ளே மடித்தாள். கையும் கழுத்தும் முன்பக்கமும் தானாக வந்து உட்கார்ந்தன. தைக்க வேண்டியது தோள்பட்டை மட்டும்தான், இரண்டே இரண்டு கோடு. இன்னொரு அழகு, அளவு மாற்றுவதற்குக் கணக்கே மாறாது. மெல்லிய நூலும் சன்ன ஊசியும் எடுத்தால் பிறந்த குழந்தைக்கு. தடித்த நூல் எடுத்தால் ஒரு வயதுப் பிள்ளைக்கு. கண்ணி அதே 160.

நூல் விஷயத்தில் அவள் ரொம்பவே யோசித்தாள். சாதாரணக் கம்பளி நூலின் இழைகளில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் அலசிக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, சட்டை சுருங்கிக் கெட்டித் துணியாகிவிடும். பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் யார் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரில் கையால் அலசப்போகிறார்கள்? அதனால் செதில் மாட்டாதபடி பதப்படுத்திய 'சூப்பர்வாஷ்' மெரினோ நூல் வாங்கினாள். அக்ரிலிக் நூல் இன்னும் மலிவு, துவைக்கவும் சுலபம். ஆனால் தீப்பட்டால் உருகி ஒட்டும். கம்பளி சட்டென்று பற்றாது, பற்றினாலும் தானே அணையும். பச்சைப் பிள்ளைக்குப் பின்னுகிறவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஊசியை எடுக்க வேண்டும்.

ஒருநாள் தன் பழைய பனியன் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினாள். கழுத்துப் பட்டியில் இந்தியத் தயாரிப்பு என்ற முத்திரை. துணி முழுக்கச் சின்னச் சின்ன 'வி' வடிவக் கண்ணிகள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து. அவள் ஊசியில் விழும் கண்ணிக்கும் திருப்பூரின் வட்டப் பின்னல் மெஷினில் விழும் கண்ணிக்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. கண்ணியாக இருப்பதால்தான் பனியன் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தறியில் நெய்த வேட்டி அப்படி நீளாது. குழந்தையின் கை மடங்கி நீளும் இடத்துக்குப் பின்னல், கீழே விரிக்கும் இடத்துக்கு நெசவு என்று அவள் பிரித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெளிவானது.

இனி கில்ட். அமெரிக்க முறையில் மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடித்துணி என்று மூன்று அடுக்கு வைத்துத் தைப்பார்கள். டெக்சாஸ் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம் என்று தேடியவள், கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் செய்யும் கவந்தி என்ற கில்ட்டில் போய் நின்றாள். சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். பலருடைய முன்னோர்கள் போர்த்துகீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியாள், முண்ட்கோடு பக்கம் வாழ்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவல் இவர்களுடைய கவந்திகளைப் பற்றி எழுதியும் கண்காட்சி நடத்தியும் உலகத்துக்குக் காட்டியவர்.

கவந்திக்கு மெஷின் தேவையில்லை. பழைய சேலைத் துண்டு ஒன்றை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தை ஒட்டிக் கந்தல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் மடித்து, எல்லா அடுக்கையும் சேர்த்து நூலோட்டிக்கொண்டே போவார்கள். சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடியும். தையல் கோடுகள் வரப்புப்போல அடுத்தடுத்து ஓடும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள், பூலா என்பார்கள். அவை இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பது அந்தப் பெண்களின் பேச்சு. நடுவில் மூடும் முன் சில அரிசி மணிகளைப் போடுவதும் உண்டு. வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்.

துணி எங்கே? அம்மா போன முறை வந்திருந்தபோது, அடுத்த வருகைக்கு ஆகட்டும் என்று சில பருத்திச் சேலைகளை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். இரண்டு மதுரைச் சுங்குடி, ஒரு செட்டிநாட்டுக் கட்டம். வீட்டு உடுப்பாகவே பல வருஷம் உழைத்தவை. வெட்டலாமா என்று கேட்க எனக்குத் தயக்கம். மகள் கேட்டேவிட்டாள். "வெட்டு தாயி. நைஞ்ச சேலைதான் பச்சப் புள்ளைக்குச் சுகம். உன் அம்மா பொறந்தப்ப எங்க அப்பாரு வேட்டியிலதான் போட்டு வச்சிருந்தோம்" என்றார் அம்மா.

இதை அனுபவத்தில் அறிந்த தலைமுறை அது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இறங்கும், இழை விறைப்பாக நிற்கும். பல வருஷம் துவைபட்ட பருத்தியில் இந்த மூன்றும் இருக்காது. மகள் ஒவ்வொரு சேலையிலும் ஈர வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். துளி சாயம் ஒட்டவில்லை. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தோளில் கிடந்த பகுதியும் கால் தட்டும் கரையோரமும் சல்லடையாகத் தெரிந்தன. இடுப்பில் சுற்றி உள்ளே போகும் முதல் சுற்று மட்டும் நிறம் குறையாமல், இழை நெருக்கமாக, உறுதியாக இருந்தது. வெளியே தெரியாமலே இருந்த அந்தப் பகுதியைத்தான் பெரும்பாலும் வெட்டி எடுத்தோம். சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே மோதிரம்போல் ஒரு சின்ன வளையம் தெரியும். துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியதற்கான அடையாளம் அது. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் பல தலைமுறையாகச் செய்துவந்த வேலை. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த முடிச்சுத் தடங்களை விட்டுவிடாமல் ஒவ்வொரு துண்டிலும் சில புள்ளிகளாவது வருமாறு மகள் வெட்டினாள். கவந்தியின் அளவு ஒரு கஜத்துக்கு ஒரு கஜம், சதுரம். அடிக்கடி துவைக்க வேண்டிய பொருள் என்பதால் அரிசி மட்டும் வைக்கவில்லை.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளை பிறக்கும் முன்னால் எதையும் முடித்து வைக்கக் கூடாது. நம் வீடுகளில் பிறக்கும் முன் துணிமணி வாங்குவதில்லை என்பது பழைய வழக்கம். மகள் அதை மறுத்துப் பேசவில்லை. கவந்தியில் மூன்று மூலைக்குப் பூலா தைத்து, நான்காவதை விட்டு வைத்தாள். சட்டையில் ஸிம்மர்மனே வழி வைத்திருக்கிறார்: இரண்டு பக்கமும் பொத்தான் துளை விட்டுப் பின்னிவிடலாம், ஆணா பெண்ணா என்று தெரிந்தபின் ஒரு பக்கத் துளைகளின்மேல் பொத்தானை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். இரண்டு பொருளும் அப்படியே காத்திருந்தன. செய்தி வந்த அன்றைக்கே ஊசியை எடுத்து முடித்துவிட்டோம்.

இதில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. அழகான கில்ட்டைத் தொட்டிலில் விரித்து அதில் குழந்தையைத் தூங்க வைத்துப் படம் எடுப்பது இங்கே பரவலான ஆசை. அது ஆபத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: முதல் வருஷம் குழந்தை மல்லாந்து, சமமான கெட்டிப் படுக்கையில், தொட்டிலில் வேறு எதுவும் இல்லாமல் தூங்க வேண்டும். போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது. தூக்கத்தோடு தொடர்புடைய காரணங்களால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,500 கைக்குழந்தைகள் இந்த நாட்டில் இறக்கிறார்கள். தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைப் பட்டிகளை விற்பதையே 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். குல்லா விஷயத்திலும் அகாடமி எச்சரிக்கிறது. பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குல்லா வேண்டாம் என்கிறார்கள், உடம்பு சூடேறிவிடும். அம்மாவுக்கு இது புதிது. ஆனால் மகள் காரணத்தோடு விளக்கியபோது, "சரி, வெளிய கூட்டிட்டுப் போகையில போடட்டும்" என்று ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் கில்ட் எதற்கு? விழித்திருக்கும்போது தரையில் விரிக்க. குழந்தையைக் குப்புறப் போட்டுக் கழுத்தை நிமிர்த்தப் பழக்கும் நேரத்துக்கு அதுதான் சரியான இடம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கைவேலை செய்கிறவர் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சட்டையின் உள்பக்கம் நீள நூல் தொங்கினால் விரலில் சுற்றிக்கொள்ளும். பெரிய ஓட்டை விழும் பின்னலில் விரல் மாட்டும். பொத்தானை இழுத்தாலும் வராதபடி தைக்க வேண்டும். கழுத்தில் கட்டும் நாடா வேண்டவே வேண்டாம். மகள் ஒவ்வொரு நூல் முனையையும் உள்ளே கோத்து மறைத்து, முகப்புக்குச் சமமாக உள்பக்கத்தையும் சுத்தமாக முடித்தாள்.

அந்தக் கோடையில் இரண்டு அருங்காட்சியகங்களுக்குப் போனோம். ஒன்று, சான் ஹோசேயில் 1977-ல் தொடங்கிய கில்ட் மற்றும் துணி அருங்காட்சியகம். கில்ட்டுக்கென்றே அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் அருங்காட்சியகம் அது. இன்னொன்று பெர்க்லி கலை அருங்காட்சியகம். ஓக்லாந்தில் வாழ்ந்த ஈலை லியான் என்பவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஏறக்குறைய 3,000 ஆப்பிரிக்க அமெரிக்கக் கில்ட்டுகளை அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டு 2018-ல் காலமானார். அவற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 2025 ஜூன் முதல் 'ரூட்டட் வெஸ்ட்' என்ற கண்காட்சியில் வைத்திருந்தார்கள். லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சா என்று தெற்கிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரிச்மண்ட், ஓக்லாந்து கப்பல் பட்டறைகளுக்கு வேலைக்கு வந்த கறுப்பினக் குடும்பங்கள் தங்களோடு கொண்டுவந்தவையும், வந்த இடத்தில் தைத்தவையும் அவற்றில் அடக்கம். வேலைச் சட்டை, மாவு மூட்டைத் துணி, பழைய கவுன் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ரிச்மண்டில் வாழ்ந்த ரோஸி லீ டாம்ப்கின்ஸின் வெல்வெட் கில்ட்டுகளுக்கு முன்னால் மகள் நெடுநேரம் நின்றாள். ஊர் விட்டு ஊர் வந்த பெண்கள் பெட்டியில் எடுத்து வந்தது துணிதான். நாங்களும் அப்படித்தான் வந்தோம்.

கோடை முடிவதற்குள் மிச்ச நூலில் சின்னப் போர்வைகளும் செய்தாள். 'புராஜெக்ட் லைனஸ்' என்ற அமைப்பு 1995-ல் டென்வரில் தொடங்கி, நோயிலும் துயரத்திலும் இருக்கும் குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைச் சேர்க்கிறது. பல ஊர்களில் கிளை உண்டு. இது நமக்கு அந்நியமான பழக்கமில்லை. சென்னையைச் சேர்ந்த சுபாஸ்ரீ நடராஜன் உருவாக்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. நாடெங்கிலுமிருந்து பெண்கள் பின்னி அனுப்பியவற்றை இணைத்ததுதான் அது. சாதனைக்குப் பின் பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கவென்றே செய்தது என்பது எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிது.

இன்டர்ன்ஷிப் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஒரு பொருள் யாருக்கு, எந்தத் தட்பவெப்பத்துக்கு, எந்த ஆபத்தும் இல்லாமல், எத்தனை துவைப்புக்குத் தாங்க வேண்டும் என்று யோசித்து, பாட்டியின் நம்பிக்கைக்கும் மருத்துவர் சொல்லுக்கும் இடம் கொடுத்துச் செய்து முடித்தாள். படிப்பு முடிந்து எந்த வேலைக்குப் போனாலும் இந்தப் பழக்கம் அவளோடு போகும்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் வேலைக்கு நடுத்தர கனமுள்ள வெளிர்நிற நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் எடுங்கள். கருப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. ஒரே பின்னலில் ஒரு சின்னச் சதுரம் பின்னுங்கள், கை பழகிவிடும். தைக்க ஆசையானால் கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். அம்மாவின் சேலை, அப்பாவின் வேட்டி, எதுவானாலும் அசல் பருத்தியாக இருந்தால் போதும். மருத்துவமனைக்கோ அமைப்புக்கோ கொடுப்பதானால் அவர்களுடைய விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் புது நூல்தான் வாங்கிக்கொள்வார்கள்.

கொடுக்கும்போது பெட்டிக்குள் ஒரு சீட்டும் வையுங்கள். மகள் எழுதியது இது: "மெஷினில் போடலாம். தரையில் விரிக்கலாம். தூங்கும்போது தொட்டிலில் வேண்டாம். பத்திரப்படுத்த வேண்டாம், தினமும் புழங்குங்கள். கிழிந்தால் அனுப்புங்கள், ஒட்டுப்போட்டுத் தருகிறேன்."